சீனி இல்லாத ஒரு பிளேன்டி

காலையில் ஐந்தே முக்காலுக்கு பஸ் பிடிக்கிறவளுக்குச் சமையல் ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் கணித பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர். இன்றைக்கு லிந்துலைப் பக்கம் ஒரு பாடசாலை, நாளைக்கு அக்கரப்பத்தனை, அதற்கடுத்த நாள் டயகம என்று சுற்றிக்கொண்டே இருப்பதால் பஸ் நிற்கிற இடத்துக் கடைதான் என் அடுப்படி. இந்த வேலைக்கு வந்து எட்டு வருடம். லீவையும் கூட்ட நாட்களையும் கழித்தாலும் வருடத்துக்கு 180 நாள், நாளுக்கு இரண்டு வேளை, ஆக மூவாயிரம் தடவைக்குக் கிட்டக் கடை மேசையில் உட்கார்ந்து எழும்பியிருக்கிறேன். கணக்கு டீச்சர் என்பதால் இப்படி எண்ணிப் பார்க்கிற வியாதி உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வியாதி மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, வாசலில் வந்து நின்றது. அம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். அவருடைய கிளினிக் நாளில் துணைக்குப் போயிருந்தேன். அதே ஆஸ்பத்திரியில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாக சீனி, பிரஷர், நிறை எல்லாம் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அம்மா சாப்பிடாமல் வந்ததால் நானும் சாப்பிடாமல்தான் வந்திருந்தேன், சும்மா நிற்கிற நேரத்துக்கு நானும் விரலை நீட்டினேன். 112. வெறும் வயிற்றில் 100 க்குக் கீழே என்றால் பயமில்லை, 126 ஐத் தொட்டால் சீனி வருத்தம் என்று எழுதிவிடுவோம், நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள் என்றார் டொக்டர். "கடையில என்ன சாப்புடுவீங்க?" என்று பக்கத்தில் இருந்த மிஸ் கேட்டார். எல்லாம்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் சாப்பாட்டு ராமி கிடையாது. வீட்டில் ஒரு ரொட்டியும் சம்பலும் போதும் எனக்கு. கடைக்குள் நுழைந்தால் மட்டும் ஏன் வேறு ஆளாகிவிடுகிறேன்?

நாங்கள் சிறுபிள்ளைகளாக தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் கடைச் சாப்பாடு என்றால் அது சம்பள நாள். மாதம் பத்தாம் திகதி வாக்கில் சம்பளம் போடுவார்கள், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் மூன்று பேரையும் தலவாக்கலை டவுனுக்குக் கூட்டிப்போவார். வீச்சு ரொட்டி, இறைச்சிக் குழம்பு, ஆளுக்கொரு கலர் சோடா, திரும்பும்போது பேப்பரில் சுற்றிய கேக் துண்டு. வீட்டில் கிடைக்காததைத் தின்னத்தான் கடைக்குப் போனோம். ஒரு தடவை என் தங்கச்சி கடையில் கீரை இருக்கிறதைப் பார்த்துவிட்டு அது வேண்டும் என்றாள். "இதத் திங்கவா பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தோம்" என்று அப்பா பிடித்துக் கத்தினார், பாவம், அவர் கொண்டாட்டத்தை அவள் கெடுத்துவிட்டாள். அதோடு காசு கொடுத்த சாப்பாட்டை மிச்சம் வைப்பது என்பது எங்கள் வீட்டில் கொலைக் குற்றம். எலும்பு கூடச் சுத்தமாகத்தான் இலையில் கிடக்கும்.

வருடத்துக்கு ஒரு பன்னிரண்டு தடவை அப்படிச் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் 180 நாளும் அந்தப் பத்தாம் திகதி மனசோடு கடைக்குள் போயிருக்கிறேன். இது பிடிபட்ட பிறகுதான் எதை மாற்றுவது என்று தெரிந்தது.

ஆனால் உடனே புத்தி வந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். கடைப் பக்கமே போவதில்லை என்று சபதம். காலையில் வெறும் தேத்தண்ணி, பத்து மணிக்கு நாலு கிரேக்கர் பிஸ்கட், மத்தியானம் ஒன்றுமில்லை. இரண்டரை மணிக்கு தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கை நடுங்கும், யாரைக் கண்டாலும் எரிச்சல். கால் தானாகக் கடைக்குள் போகும். மூன்று ரோல்ஸ், ஒரு மீன் பணிஸ், இரண்டு பால் தேத்தண்ணி. ஒரு மத்தியானச் சோற்றை மிச்சம் பிடித்து அதைவிட மோசமானதை நின்ற நிலையில் விழுங்கினேன். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கடைக்குப் பசி முற்றிப் போகாதீர்கள் என்பதுதான். என் பைக்குள் இப்போது எந்நேரமும் ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி அவித்த கடலையோ இருக்கும். அதைத் தின்றுவிட்டுக் கடைக்குள் போனால் மூளை என்னோடுதான் இருக்கிறது, இல்லாவிட்டால் கண்ணாடி அலுமாரிக்குள் போய்விடுகிறது.

அடுத்தது தேத்தண்ணி. இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் இதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே கிடையாது. ஒரு நாள் கடையில் போடுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கிளாசுக்கு மூன்று கரண்டி சீனி, அதுவும் குவித்து. பஸ் ஏற முன்னால் ஒன்று, பாடசாலையில் போனதும் ஒன்று, இடைவேளையில் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று. ஐந்து கிளாஸ், பதினைந்து கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம் என்று வைத்தாலும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆளுக்கு நாளைக்குச் சொல்லும் மேல் எல்லை ஏறக்குறைய 50 கிராம், 25 க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. ஆக ஒரு வாய் சோறு தின்னாமலே நான் எல்லையைத் தாண்டியிருக்கிறேன்.

சரி, சீனி வேண்டாம் என்று சொல்லவேண்டியதுதானே என்பீர்கள். சொல்லிப் பாருங்கள் ஒரு மலையகத்து டவுன் கடையில். நான் வழக்கமாகப் போகிற கடையில் ஒரு பையன், பதினெட்டு வயதிருக்கும், தங்கமான பிள்ளை, தொண்டை மட்டும் பஸ் ஹோர்ன். நான் அவன் காதுக்குக் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன். அவன் உள்ளே பார்த்துக் கத்தினான். "டீச்சருக்குச் சீனி இல்லாத ஒரு பிளேன்டீ!" கடையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. அதில் என்னிடம் படித்த பிள்ளையின் அப்பா ஒருவர். "என்னா டீச்சர், சீனி வருத்தமா? இந்த வயசுலயேவா?" அதற்குப் பிறகு பாகற்காய்க்கும் ஆவாரம்பூவுக்கும் என்னென்ன சக்தி இருக்கிறது என்று இரண்டு மேசைக்காரர்கள் எனக்கு வகுப்பெடுத்தார்கள். மூன்று நாள் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

வெட்கம்தான் நிறையப் பேருக்குச் சீனியை விடப் பெரிய தடை என்று நினைக்கிறேன். டவுன் கடையில் குரல் உயர்த்திக் கேட்டுப் பழகாத ஆட்கள் நாங்கள். வைத்ததைத் தின்றுவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருவோம். இது வேண்டாம், அது குறைவாக வேண்டும் என்றால் பெருமை காட்டுகிறாள் என்பார்களோ என்ற பயம். நான்காம் நாள் போய் அதையே கேட்டேன், அவன் அதையே கத்தினான், இந்தத் தடவை ஒரு தலைதான் திரும்பியது.

சீனி போட வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில கடைகளில் பால் தேத்தண்ணிக்கு டின் பால் ஊற்றுவார்கள், அந்தப் பாலிலேயே சீனி காய்ச்சியிருக்கிறது. அதனால் பால் வேண்டுமென்றால் பால்மாவா டின் பாலா என்று கேட்கவேண்டும், அல்லது என்னைப் போல பிளேன்டீக்கு மாறிவிட வேண்டும். ஆரம்பத்தில் கசப்பாகத்தான் இருந்தது. எங்கள் தாத்தா காலத்தில் தேயிலைச் சாயத்தை வெறுமனே குடித்துவிட்டு உள்ளங்கையில் வைத்த சீனியை நாக்கால் தொட்டுக்கொள்வார்கள், வறுமையில் வந்த பழக்கம் அது, ஒரு கரண்டிச் சீனி இரண்டு கிளாசுக்கு வரும். நானும் ஒரு மாதம் ஒரு சின்னத் துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தேன். கருப்பட்டியும் சீனிதான், அதில் ஏமாற வேண்டாம், ஆனால் துண்டு கண்ணுக்குத் தெரிகிறது, கரைந்த சீனி தெரிவதில்லை. பிறகு துண்டும் தேவைப்படவில்லை. இப்போது நல்ல கொழுந்தின் வாசம் தெரிகிறது, முன்பு சீனிப்பாகைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன் போல.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதையும் விட்டேன். சாயத்தில் இருக்கிற சில பொருட்கள் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும், ஒரு மணித்தியாலம் விட்டுக் குடித்தால் அந்த நட்டம் குறையும். தேயிலை ஊரில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் இரத்தம் குறைந்து தலை சுற்றுகிற எத்தனை பெண்களை இங்கே நமக்குத் தெரியும்.

குளிர்பானத்துக்கு நான் பெரிதாக ஆசைப்படுவதில்லை, போத்தலில் 2016 இலிருந்து சீனி எவ்வளவு என்று சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் போட்டிருப்பதால் பார்த்து முடிவெடுக்கவும் வழியிருக்கிறது. என்னை ஏமாற்றியது கடைப் பழச்சாறு. பப்பாசி ஜூஸ் நல்லதுதானே என்று வாரத்துக்கு மூன்று நாள் குடித்தேன். ஒரு நாள் அடிக்கிற இடத்தில் நின்று பார்த்தால் நாலு கரண்டி சீனி உள்ளே போகிறது. அந்தக் கிளாசில் யாரும் வட்டம் போட்டு வைப்பதில்லை.

இனி மேசையில் வைக்கிற தட்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் கடைகளில் நீங்கள் தேத்தண்ணி மட்டும் கேட்டாலும் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை, மரக்கறி ரொட்டி எல்லாம் கலந்து ஒரு தட்டில் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார்கள், தின்றதற்கு மட்டும் எண்ணிக் காசு கொடுக்கலாம். என்ன அருமையான வியாபாரத் தந்திரம்! ஒன்று எடுக்கலாம் என்று ஆரம்பித்து, பஸ் பிந்தினால் மூன்றில் நிற்கும். நான் மனவலிமையை வளர்த்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். உட்கார்ந்ததும் "தம்பி, இத அந்த மேசைக்கு வச்சிருங்க" என்று சொல்லப் பழகினேன், அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் இல்லாத ரோல்ஸை நான் எழும்பிப் போய் வாங்குவது குறைவு.

இதில் ஒரு சம்பவம். பாடசாலை முடிந்து வரும்போது பஸ் நிலையத்தில் பருப்பு வடை வாங்கினேன். பாவித்த அப்பியாசக் கொப்பியைக் கிழித்துத்தான் சுற்றித் தருவார்கள், தெரியும்தானே. வடையைத் தின்றுவிட்டுத் தாளைப் பார்த்தால் பின்னப் பெருக்கல். யாரோ ஒரு பிள்ளை அரையையும் காலையும் பெருக்கி ஆறில் ஒன்று என்று எழுதியிருக்கிறது, ஆசிரியர் பிழை போடாமல் சரி போட்டிருக்கிறார். என் தொழில் அவமானத்தை விடுங்கள். நான் கவனித்தது தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்ததை. பின் பக்கக் கணக்கையும் முன் பக்கத்தில் இருந்தே வாசிக்க முடிந்தது. இரண்டு வடை ஒரு தாளில் விட்ட எண்ணெய் அது, வயிற்றுக்குள் போனது தனி. அன்றிலிருந்து எந்தக் கடைப் பலகாரத்தையும் தாளை வைத்துத்தான் அளக்கிறேன். எண்ணெய் நன்றாகச் சூடேறின பிறகு போட்டு எடுத்த வடை அவ்வளவு உறிஞ்சாது, ஆறின எண்ணெயில் ஊறியது குடித்துவிடும். மூன்று மணிக்குக் கறுத்துப்போய் நுரை தள்ளுகிற சட்டியில் இருந்து வருவதை எந்தப் பசியிலும் நான் தொடுவதில்லை. ஒரு தடவை தொட்டதற்கு, எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், ஒரு இரவு முழுக்க அனுபவித்தேன்.

காலைச் சாப்பாடு அவ்வளவு கஷ்டமில்லை. பராட்டா, வீச்சு ரொட்டியை விட்டுவிட்டு இடியப்பத்துக்கு வந்தேன். அதிலும் பத்து இடியப்பமும் ஒரு வாளி சொதியும் என்றால் ஒன்றுதான். ஐந்து இடியப்பம், பருப்பு, ஒரு அவித்த முட்டை. சில கடைகளில் சிவப்பரிசி மா இடியப்பம் இருக்கும், இருந்தால் அது. தோசை நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன், பிறகுதான் தெரிந்தது பல இடத்தில் அதில் பாதிக்குக் கோதுமை மாவு. குரக்கன் ரொட்டி என்று பலகை போட்ட கடையில் ஆசையாகக் கேட்டபோது ரொட்டி தட்டுகிறவர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: "குரக்கன் மட்டும் போட்டா ஒட்டாது டீச்சர், முக்காவாசி கோதும மாவுதான்." அந்த நேர்மைக்காகவே ஒன்று வாங்கினேன். எங்களுக்கும் கோதுமை மாவுக்கும் பழைய பந்தம்தான், தோட்டத்தில் அரிசியோடு மாவும் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலத்தில் இருந்து மூன்று வேளையும் ரொட்டி தின்று வளர்ந்த சனம். கொழுந்து மலையில் எட்டு மணித்தியாலம் ஏறி இறங்கிய அம்மாவுக்கு அது செரித்தது. நான் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவள்.

கடையில் கிடைக்கிற காலைச் சாப்பாட்டில் என் கட்சி அவித்த கடலையும் கௌபியும்தான். தேங்காய்ப்பூ கொஞ்சம், காய்ந்த மிளகாய் தாளித்தது, மத்தியானம் வரை தாங்கும். உப்பை மட்டும் கவனிக்க வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், அதனால் கடலை வேக நேரமெடுக்கும், காஸ் விற்கிற விலைக்குச் சில கடைக்காரர்கள் அப்பச்சோடாவைத் தூவிவிடுவார்கள். சோடாவிலும் உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். மாவு மாதிரிக் குழைந்து தோல் கழன்ற கடலை என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். சிங்களக் கடைகளில் விடியற்காலையில் இலைக்கஞ்சி கிடைக்கும், வல்லாரையோ ஹாத்தாவாரியாவோ போட்டது, குளிருக்குத் தொண்டையில் இறங்கும்போது சொர்க்கம். அதற்குத் தருகிற கருப்பட்டித் துண்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

மத்தியானச் சோறுதான் உண்மையான சண்டைக்களம். சோறும் கறியும் நல்ல சாப்பாடு, இதைவிட நல்லதை எந்த மெனுவிலும் தேட வேண்டியதில்லை என்றுதான் நான் இப்போதும் சொல்வேன். பிழை அளவில். தட்டு வரும்போது நடுவில் சோறு சிவனொளிபாதமலை மாதிரி நிற்கும், சுற்றி அடிவாரத்தில் கறிகள். அதைப் பாதி கரைப்பதற்குள் பையன் வாளியோடு வந்து "சோறு போடவா?" கேட்டு முடிப்பதற்குள் போட்டும் விடுவான். அதற்குக் குழம்பு போதாது, குழம்பு வந்தால் சோறு போதாது. இப்படிப் போனால் முடிவே இல்லை.

தட்டு வந்த பிறகு சோற்றை எடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், அது சரிவராது. எச்சில் பட்டதோ படாததோ என்று சங்கடம், எடுத்ததைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும். சொல்வதை உட்கார முன்னால் சொல்லிவிட வேண்டும். "அண்ணே, சோறு ஒரு கரண்டி, மரக்கறி ரெண்டு பங்கு போடுங்க." முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். "சோறு கொறச்சாலும் அதே காசுதான் டீச்சர்." தெரியும்ணே என்றேன். அப்படியும் அவருக்கு மனசு கேட்கவில்லை, அடுத்த தடவை அவராகவே ஒரு முட்டையை ஓரத்தில் வைத்தார். குறைவாகக் கேட்டால் கோபிப்பார்கள் என்று நான் பயந்ததெல்லாம் வீண், குறைவாகக் கேட்கிறவளுக்கு வேறு எதையாவது கொடுத்துக் கணக்கைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் அவர்கள் துடிக்கிறார்கள்.

எது மரக்கறி என்பதிலும் எனக்குத் தெளிவில்லாமல் இருந்தது. கடையில் மூன்று கறி என்றால் பெரும்பாலும் பருப்பு, உருளைக்கிழங்கு, சோயாமீட். இதில் மரக்கறி எங்கே? கிழங்கைச் சோற்றோடுதான் சேர்க்க வேண்டும், அது சோற்றுக்குத் தம்பி. பருப்பு நல்லது, முட்டை மீன் இருக்கிற பக்கத்தில் அதை வைக்கலாம். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் சோறு, கால் பருப்போ மீனோ முட்டையோ என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். வேடிக்கை என்னவென்றால் கந்தப்பளையிலும் வெலிமடையிலும் விளைகிற லீக்ஸும் கரட்டும் கோவாவும் லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன, அந்த லொறி போகிற பாதையோரக் கடையில் உட்கார்ந்து நாங்கள் கிழங்குக்கறி தின்கிறோம். கேட்டால்தான் வருகிறது. நான் தொடர்ந்து வல்லாரைச் சம்பல் கேட்டுக் கேட்டு, இப்போது அந்தக் கடையில் செவ்வாயும் வியாழனும் போடுகிறார்கள். தேசிக்காய் ஒரு துண்டும் கேட்டு வாங்கிப் பிழிந்துகொள்வேன், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.

அப்பளம், மோர் மிளகாய், பொரித்த கருவாடு, இந்த மூன்றும் சேர்ந்து வருகிற நாளில் ஒன்றுதான் எடுப்பேன். ஒரு நாளைக்கு மொத்தமாக ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புத்தான் என்கிறார்கள், ஒரு துண்டுக் கருவாட்டுக்கே அதில் நல்ல பங்கு போய்விடும். கருவாட்டை விடச் சொல்லாதீர்கள், முடியாது.

சாப்பாட்டுக்கடையில் எந்த நேரத்துக்குப் போகிறோம் என்பதும் முக்கியம். பன்னிரண்டு மணிக்குப் போனால் கறி சூடு, மரக்கறி நிறம் மாறாமல் இருக்கும். இரண்டரைக்குப் போனால் மிஞ்சியிருப்பது கிழங்கும் எண்ணெயும்தான். ஆட்கள் நிறையப் போகிற கடை, சட்டி அடிக்கடி காலியாகிற கடை, குடிக்கச் சுடுதண்ணி தருகிற கடை, இதுக்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

கடையை விடக் கஷ்டம் விருந்தோம்பல். தோட்டப் பாடசாலைக்குப் போனால் அதிபரும் ஆசிரியர்களும் காசு சேர்த்து எனக்குப் பார்சல் எடுத்து வைத்திருப்பார்கள். கோழிக்கால் பொரித்தது, முட்டை, இரண்டு ஆள் சோறு. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, "ஏன் மிஸ், எங்க சாப்பாடு புடிக்கலியா" என்று ஒரு முகம் வாடும். இப்போது முதல் நாளே ஃபோன் போட்டு, பார்சல் எடுத்தால் மரக்கறிப் பார்சல் போதும் என்று சொல்லிவிடுகிறேன். விரதமா என்று கேட்டால் ஆமாம், வெள்ளிக்கிழமை என்பேன். சில வாரங்களில் எனக்கு மூன்று வெள்ளிக்கிழமை வரும்.

இரவுக் கொத்து ரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பிள்ளைகள் என்னைப் பொய்க்காரி என்பார்கள். மாதச் சம்பளம் வந்த சனிக்கிழமை கொத்து உண்டு, அதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். தகரத்தில் அந்தத் தாளம் கேட்டால் பாதையில் போகிறவனுக்கே பசிக்கும். கொத்துப் போடுகிற தம்பியிடம் ஒரு பிளேட்டுக்கு எத்தனை ரொட்டி என்று கேட்டேன், மூன்று என்றார். ரொட்டிக்கு உருட்டி வைத்த மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருப்பதை அங்கேயே பார்க்கலாம், வீசும்போது எண்ணெய், கொத்தும்போது எண்ணெய், மேலே குழம்பு. அதற்குப் பிறகு மூன்று பேருக்கு மூன்று பிளேட் எடுப்பதில்லை. இரண்டு பிளேட், ஒவ்வொன்றிலும் ரொட்டி ஒன்றைக் குறைத்து, அதற்குப் பதில் கோவா, கரட், லீக்ஸ் கூடப் போட்டு, முட்டை ஒன்று அதிகம், குழம்பு வேறாக. சீஸ் கொத்துக்கு மூத்தவன் இன்னும் போராடுகிறான். இடியப்பக் கொத்து என்றால் நல்லது என்று என் தங்கச்சி நம்பிக்கொண்டிருந்தாள், அதே தகரம், அதே எண்ணெய்தான் அடியே என்று சொல்லியிருக்கிறேன். டெவல் என்ற பெயரில் காரமாகப் பிரட்டி வருகிற இறைச்சியில் சோஸும் சீனியும்தான் பாதி, அதை ஆளுக்கு இரண்டு துண்டோடு விட்டுவிடுவோம்.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 103. போன தடவை 101. இன்னும் நூறுக்குக் கீழே போகவில்லை, போனால் சொல்கிறேன். நிறை நாலு கிலோ குறைந்திருக்கிறது, பாவாடை ஹூக்கை இடம் மாற்றித் தைத்தேன். அம்மா மட்டும் நான் மெலிந்துவிட்டேன் என்று யாரைக் கண்டாலும் புலம்பிக்கொண்டிருக்கிறார், ஊரில் யாரோ எனக்குக் கண் பட்டுவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் மழையில் நனைந்துகொண்டு அந்தக் கடைக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னாலேயே இரண்டு வயதான ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பழைய கங்காணி. பையன் அவர்களிடம் என்னவோ கேட்டுவிட்டு என்னையும் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன். உள்ளே திரும்பி, தொண்டை கிழிய, "டீச்சர் டீ மூணு!" என்றான்.

அப்படியென்றால் என்ன என்று உள்ளே யாரும் கேட்கவில்லை. மூன்று கிளாசும் சீனியில்லாமல் வந்தன. அன்றைக்கு நான் மெதுவாக ஒரு வடையும் சொல்லியிருந்தேன், நல்லவேளை, அதை அவன் கத்தவில்லை.